‘ஆள் எப்படி?’ என்று பிளேயர் கேட்டால்: ரோல்ப்ளே டேபிளில் குற்றவாளி ப்ரொஃபைலிங்

போன வருஷம் மழைக்காலத்தில், பெங்களூர் முருகேஷ்பாளையாவில் நண்பர் ஒருவரின் மொட்டைமாடி அறையில், மூன்று செஷன் ஓடும் என்று நம்பி நான் தயார் செய்திருந்த ஒரு கொலைக் கேஸ் 40 நிமிஷத்தில் முடிந்துபோனது. (ரோல்ப்ளே என்றால் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி ஆடும் கதை விளையாட்டு. கதையை நடத்துபவர் ஜிஎம், அன்று அது நான்.) ஒரு பிளேயர், “என் கேரக்டர் சைக்காலஜி படிச்சவதானே, ஆள் எப்படின்னு பார்க்கறேன்” என்று டைஸை உருட்டினாள். 20 விழுந்தது, இருப்பதிலேயே பெரிய எண். எனக்குக் கை கால் ஓடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: ஆண், 30லிருந்து 35 வயது, தனியாக இருப்பவன், கையால் வேலை செய்கிறவன், அம்மா மேல் தீராத கோபம். என் கதையில் அப்படி ஒரே ஒரு என்பிசிதான் (ஜிஎம் ஆட்டுவிக்கும் பாத்திரம்) இருந்தான், மெக்கானிக். “அப்போ மெக்கானிக்தான்” என்று நான்கு பேரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். ஆர்டர் செய்த பிரியாணிகூட அதுவரை வந்து சேரவில்லை.

தப்பு டைஸ் மேல் இல்லை, என் மேல்தான். ப்ரொஃபைல் என்பது குற்றம் நடந்த விதத்தை வைத்து ஆள் எப்படிப்பட்டவன் என்று ஊகிப்பது. நானோ அது குற்றவாளியின் ஆதார் கார்டைப் படித்துக் காட்டுவது என்று நினைத்திருந்தேன். அதற்கப்புறம் அதே கும்பலுக்கு மூன்று விசாரணைக் கதைகள் ஓட்டியாகிவிட்டது. அதில் எது வேலை செய்தது, எது சொதப்பியது என்பதை மற்ற ஜிஎம்களுக்காக எழுதி வைக்கிறேன். நீங்கள் டி அண்ட் டி, கால் ஆஃப் கதுலு மாதிரி பேர் போன ரோல்ப்ளே விளையாட்டு எதை ஓட்டினாலும் சரி, உங்களுடைய சொந்த விதிகளாக இருந்தாலும் சரி, இது ஒத்துவரும்.

நிஜத்தில் இது எவ்வளவு தூரம் வேலை செய்கிறது

இதைத் தெரிந்துகொண்டால்தான் டேபிளில் எவ்வளவு கொடுக்கலாம் என்ற அளவு பிடிபடும். நியூயார்க்கில் 1940இல் தொடங்கி, நடுவில் பல வருஷம் நிறுத்திவிட்டு, மறுபடியும் ஒருவன் தியேட்டர், ரயில் நிலையம், நூலகம் என்று குண்டு வைத்துக்கொண்டே இருந்தான். வழி தெரியாத போலீஸ் 1956இல் ஜேம்ஸ் பிரசல் என்ற மனநல மருத்துவரிடம் போனது. அவர் சொன்னதில் எல்லோரும் இன்றுவரை வியந்து சொல்வது ஒன்றைத்தான்: பிடிபடும்போது டபுள் பிரெஸ்டட் கோட் போட்டு, பட்டனை மாட்டியிருப்பான். 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டஸ்கி பைஜாமாவோடு கதவைத் திறந்தான், உடை மாற்றிக்கொண்டு வரச் சொன்னதும் அதே மாதிரி கோட்டில் வந்து நின்றான். சினிமா மாதிரி இருக்கிறது இல்லையா? ஆனால் கோட்டை வைத்து யாரும் அவனைக் கண்டுபிடிக்கவில்லை. அவன் முன்பு வேலை பார்த்து, விபத்தில் அடிபட்டு, இழப்பீடு கிடைக்காமல் போன மின்சாரக் கம்பெனியில் ஆலிஸ் கெல்லி என்ற கிளார்க் பழைய ஃபைல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். குண்டு வைத்தவனின் கடிதங்களில் இருந்த அதே வார்த்தைகள் ஒரு ஃபைலில் இருப்பதை அவர்தான் பார்த்தார்.

ஜிஎம்முக்குக் கோட்டை விட ஆலிஸ் கெல்லிதான் முக்கியம். கம்பெனி மேல் வன்மம் உள்ள ஆள் என்ற ஒரு வரி இருந்தால் எந்த பீரோவைத் திறப்பது என்று தெரிந்துவிடும். டேபிளில் ப்ரொஃபைலிடம் அந்த அளவுதான் எதிர்பார்க்கிறேன்: அடுத்து எங்கே போய் நிற்பது, யாரிடம் எதைக் கேட்பது. பெயர் பக்கத்திலேயே போகக் கூடாது.

இன்னொரு ஆபத்து ஜோசியம். பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வைத்து, ஆளுக்கொரு குணநலக் குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று மார்க் போடச் சொன்னார். சராசரி 5க்கு 4.26. எல்லோருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள், அதுவும் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தது. நம்ம ஊர் கிளி ஜோசியக்காரருக்கு இதெல்லாம் ஆராய்ச்சி இல்லாமலே தெரியும். அதனால் ஒரு வரியைப் பிளேயரிடம் சொல்வதற்கு முன் நான் வைக்கும் சோதனை இது: இந்த வரி பெல்லந்தூரில் ஒரு பிஜியில் இருக்கிற பாதிப் பேருக்குப் பொருந்துமா? ‘தனியாக வாழ்கிறான், இரவில் லேட்டாகத் தூங்குகிறான், அக்கம்பக்கத்தில் யாரோடும் பேச்சு இல்லை.’ பெங்களூரில் அது கொலையாளி இல்லை, பேக்கெண்ட் டெவலப்பர். அந்த வரியைக் கிழித்துப் போடுங்கள்.

‘திட்டமிட்டவன், திட்டமிடாதவன்’ என்று குற்றவாளிகளை இரண்டு டப்பாவில் போடுவது எஃப்பிஐயில் ஆரம்பித்தது. 1970களின் கடைசியில் தொடங்கி சிறையில் இருந்த 36 பேரைப் பேட்டி எடுத்து உருவாக்கிய பிரிவு அது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கேன்டரும் கூட்டாளிகளும் 2004இல் அமெரிக்கத் தொடர்கொலையாளிகள் 100 பேரின் குற்றங்களை வைத்துப் பார்த்தபோது அப்படி இரண்டாகப் பிரியவே இல்லை. உங்கள் வில்லனும் பிரிய வேண்டியதில்லை. கையுறை போட்டு வந்தவன் பதற்றத்தில் செருப்பை விட்டுப் போகட்டும்.

ஆளைத் தயார் செய்வது

நான் இப்போது வில்லனைப் பற்றி மூன்றே விஷயம் எழுதுகிறேன். வேலை முடிய அவன் செய்தே ஆக வேண்டியது என்ன, செய்யத் தேவையே இல்லாமல் செய்வது என்ன, அவனுடைய பிழைப்பினால் அவன் கையில் ஒட்டிக்கொண்டு வருவது என்ன. முதலாவது மாறிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் அனுபவம் வர வர யாருமே தொழிலில் தேறுவார்கள். இரண்டாவது அவ்வளவு சீக்கிரம் மாறாது, அதை நிறுத்த அவனுக்கே மனசு வராது. மூன்றாவதை அவன் கவனிக்கவே மாட்டான். பிளேயர்கள் ஆளைப் பிடிப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான், பேசித் தீர்ப்பது என்னவோ இரண்டாவதை.

உதாரணத்துக்கு நான் ஓட்டிய கேஸ். கொலை வேண்டாம் என்று முடிவு செய்து வண்டி எரிப்பை எடுத்தேன். 2014, ஜீவன்பீமாநகரிலிருந்து அல்சூர் வரை, 7 வாரத்தில் 5 பைக், ஸ்கூட்டர் எரிந்திருக்கிறது. எல்லாமே விடியற்காலை மூன்றரைக்கும் நாலேகாலுக்கும் நடுவில். பெட்ரோல் ட்யூபை அறுத்து, தீக்குச்சி. இது முதல் வகை. ஒவ்வொரு வண்டியிலும் மாட்டியிருந்த ஹெல்மெட்டை மட்டும் கழற்றி, காம்பவுண்டு சுவர் மேல் பத்திரமாக வைத்திருக்கிறான். இது இரண்டாவது. ஐந்து தெருவிலும் ஒரு நாய்கூடக் குரைத்ததாக யாரும் சொல்லவில்லை. மூன்றாவது அதுதான். பெங்களூர்த் தெருநாய்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தடயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

ஸ்பாட்டை வர்ணிக்கும்போது கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள். ‘வெறித்தனமாக எரித்திருக்கிறான்’ என்று ஜிஎம் சொன்னால் ப்ரொஃபைலை ஜிஎம்மே எழுதிவிட்டார் என்று அர்த்தம். ‘சீட் முழுக்கக் கருகிவிட்டது, முன்சக்கரம் அப்படியே இருக்கிறது, சுவர் மேல் ஒரு நீல ஹெல்மெட்’ என்றால் போதும்.

மேப்பைக் கையில் கொடுங்கள்

இந்த ஒரு விஷயத்துக்காகவே விசாரணைக் கதை ஓட்டலாம். வான்கூவர் போலீஸில் இருந்த கிம் ராஸ்மோ 1990களில் இதைக் கணக்காகவே போட்டார்: குற்றவாளி வீட்டு வாசலிலேயே கைவைக்க மாட்டான், ரொம்பத் தூரமும் போக மாட்டான், நடுவில் ஒரு வசதியான வளையம் இருக்கும். கேன்டரின் வழி இன்னும் எளிது. ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு சம்பவ இடங்களை விட்டமாக வைத்து ஒரு வட்டம் போடு, பல தொடர் குற்றங்களில் ஆள் அதற்குள்தான் இருப்பான். வெளியூரிலிருந்து வந்து செய்துவிட்டுப் போகிறவனிடம் இந்த வட்டம் பலிக்காது, அதையும் அவரே சொல்கிறார்.

ஏரியா மேப்பை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து, ஒரு பென்சில், ஒரு காம்பஸ் வைத்துவிடுங்கள். அப்புறம் நீங்கள் காபி போடப் போகலாம், அரை மணி நேரத்துக்கு யாரும் உங்களைத் தேட மாட்டார்கள். ஒரு திருத்தம் மட்டும் நம்ம ஊருக்குத் தேவை. பெங்களூரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பவன் யார்? சாயங்காலம் ஏழு மணிக்கு, டிராஃபிக்குக்குப் பேர் போன சில்க் போர்டு ஜங்ஷனைத் தாண்டி ஒருவன் குற்றம் செய்ய வருகிறான் என்றால் அவனுடைய பொறுமைக்கே தனி ப்ரொஃபைல் எழுத வேண்டும். அதே ஆள் விடியற்காலை மூன்றரைக்கு அதே இடத்தைப் பாட்டு ஒன்று முடிவதற்குள் கடந்துவிடுவான். அதனால் ‘இந்த நேரத்தில் 15 நிமிஷத்தில் எங்கிருந்தெல்லாம் வந்துவிடலாம்’ என்று வட்டத்தை நேரக் கணக்கில் போடச் சொல்கிறேன். ஒன்வேயெல்லாம் ஞாபகம் வந்து சண்டை தொடங்கும்போது தெரியும், கதைக்குள் வந்துவிட்டார்கள் என்று.

என் கேஸில் ஆளின் வீடு வட்டத்துக்குள் இல்லை. அவர் தினமும் வந்து நிற்கும் இடம்தான் இருந்தது. ராஸ்மோவும் கேன்டரும் வீடு என்று மட்டும் சொல்வதில்லை, வேலை செய்யும் இடமோ அடிக்கடி போகும் இடமோகூட நங்கூரம்தான். பிளேயர்கள் வாடகை வீடுகளாகத் தட்டி இரண்டு மணி நேரம் வீணடித்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது.

டைஸ் எதற்கு உருட்டுவது

விசாரணைக் கதைகளுக்கென்றே இருக்கும் கம்ஷூ விதிமுறையில் ஃபாரன்சிக் சைக்காலஜி என்றே ஒரு திறன் இருக்கிறது. அந்தத் திறன் உள்ள கேரக்டர் சரியான இடத்தில் பார்த்தால் முக்கியத் தடயம் டைஸ் இல்லாமலே கிடைத்துவிடும். கால் ஆஃப் கதுலுவில் சைக்காலஜி டைஸை ஜிஎம்மே மறைத்து உருட்டும் வழக்கம் உண்டு. முதலாவது எனக்குப் பிடிக்கும், இரண்டாவது எங்கள் டேபிளுக்கு ஒத்துவரவில்லை, ஏனென்றால் நான் பொய்த் தகவல் சொல்லும்போது என் காது அசைகிறதாம். ஆகவே வேறு வழி கண்டுபிடித்தோம். சீட்டு முறை.

ஸ்பாட்டை வர்ணித்து முடித்ததும் ஆளுக்கு இரண்டு மூன்று சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரே வரி, நடுவில் கட்டாயம் ‘அதனால்’ வர வேண்டும். ‘நாய் குரைக்கவில்லை, அதனால் அந்த நேரத்துக்கு அந்தத் தெருவில் பழக்கமான ஆள்.’ ‘எரிந்தது எல்லாம் வண்டி, அதனால் சின்னப் பையன்.’ நான் சரி, தப்பு எதுவும் சொல்ல மாட்டேன். எல்லாச் சீட்டும் மேப் பக்கத்தில் குவிந்த பிறகுதான் சைக்காலஜி கேரக்டர் டைஸ் உருட்டுவார். வெற்றி என்றால், தடயமே இல்லாமல் எழுதப்பட்ட இரண்டு சீட்டை நான் எடுத்துக் கிழிப்பேன். பெரிய வெற்றி என்றால் நான்கு. தோல்வி என்றால் ஒன்றையும் தொட மாட்டேன், அத்தனை சீட்டும் அப்படியே ப்ரொஃபைலாக டைப் செய்யப்பட்டு ஸ்டேஷனுக்குப் போகும், எல்லா போலீஸ்காரர்களும் அதை நம்புவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நான் பொய்யே சொல்ல வேண்டியதில்லை. பொய் அவர்களே எழுதியது. டேபிளில் பேச்சு எப்படிப் போகும் என்றால்:

“ஹெல்மெட்டை எடுத்து ஓரமா வெச்சிருக்கான். மரியாதை இருக்கு.”

“யாருக்கு மரியாதை, ஹெல்மெட்டுக்கா?”

“தலைக்கு மச்சி.”

“அண்ணா, வண்டியெல்லாம் டிஎன் நம்பரா?”

கடைசிக் கேள்வியைக் கேட்டது எங்களில் சின்னவன். அதைக் கேட்டதும் எல்லோரும் ஒரு நொடி ஒருவரையொருவர் பார்த்தோம் இல்லையா, அது இந்த ஊரில் வளர்ந்த தமிழர்களுக்கு மட்டும் புரியும். 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தைப் பார்த்த அப்பா அம்மா எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள், 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டு வண்டிகள் எரிந்ததை நாங்களே பார்த்தோம். “இல்லடா, எல்லாம் கேஏ 03” என்று உடனே சொல்லிவிட்டேன். இப்போது ஆட்டம் தொடங்கும் முன்பே எது கதைக்குள் வரவே கூடாது, எது வந்தாலும் விவரிக்கக் கூடாது என்று பேசி எழுதி வைத்துக்கொள்கிறோம். டேபிள் நடுவில் எக்ஸ் எழுதிய ஒரு கார்டும் உண்டு, யார் தொட்டாலும் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர்ந்துவிட வேண்டும். அன்றைக்கு அதெல்லாம் பேசாமல் ஆரம்பித்தது என் சோம்பேறித்தனம்.

இன்னொரு விதி: சீட்டில் ‘வெளியூர்க்காரன்’, ‘சேரிக்காரன்’, ‘சைக்கோ’ என்று எழுதினால் அந்தச் சீட்டு செல்லாது. எதைப் பார்த்து அப்படி எழுதினாய் என்று கேட்டால் பதில் இருக்காது, அவ்வளவுதான். மனநல மருத்துவமனையான நிமான்ஸை வைத்து இந்த ஊரில் அடிக்கிற ஜோக்கை நானும் அடித்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, டேபிளில் இருந்த ஒருவரின் வீட்டிலிருந்து மாதம் ஒரு முறை அங்கே போய் வருகிறார்கள் என்று. மனநோய் ஒரு காரணம் ஆகாது. அதைக் காரணமாக வைத்தால் கதையும் சப்பென்று ஆகிவிடும், ‘ஏன் செய்தான்’ என்ற கேள்விக்கு அதோடு கதவு சாத்திவிடும்.

பழக்கமான சித்திரத்தை உடைக்க இந்த ஊர்க் கேஸ் ஒன்றே போதும். சயனைட் மல்லிகா என்று பத்திரிகைகள் பெயர் வைத்த கெம்பம்மா, கோயிலுக்கு வரும் பெண்களிடம் ஆறுதலாகப் பேசிப் பழகி, பூஜை என்று கூட்டிப்போய் சயனைட் கொடுத்து நகையை எடுத்துக்கொண்டவர். 1999இல் ஒரு கொலை, மற்றவை 2007இல். ‘ஆண், தனிமை, கோபம்’ என்று எழுதிய எந்த ப்ரொஃபைலும் அவர் பக்கத்தில்கூடப் போயிருக்காது. அதற்காக இந்தக் கேஸை அப்படியே டேபிளுக்குக் கொண்டுவராதீர்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் இதே ஊர்ப் பக்கத்தில் இருக்கின்றன. பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ஆறுதல் சொல்கிற குரலோடு வரும் குற்றவாளி.

ப்ரொஃபைல் தப்பானால்

தப்பாக விடுங்கள், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கட்டும். லண்டனில் விம்பிள்டன் காமனில் 1992இல் நடந்த கொலையில், ப்ரொஃபைலுக்குப் பொருந்துகிறார் என்று காலின் ஸ்டாக் என்பவர் மேல் சந்தேகம் விழுந்தது. ஒரு பெண் போலீஸைக் காதலி மாதிரி பழகவிட்டு வாக்குமூலம் வாங்கப் பார்த்தார்கள். 1994இல் நீதிபதி அந்த ஆதாரத்தை ஏற்க மறுத்தார், அரசுத் தரப்பு வழக்கையே கைவிட்டது. உண்மையான கொலையாளி ராபர்ட் நேப்பர் ஒப்புக்கொண்டது 2008இல். நடுவில் அவன் இன்னொரு பெண்ணையும் அவளுடைய குழந்தையையும் கொன்றிருந்தான்.

எங்கள் கேஸில் டைஸ் தோற்றது. ‘சின்னப் பையன், இரவில் சுற்றுகிறவன்’ என்ற சீட்டு கிழிபடாமல் ஸ்டேஷனுக்குப் போனது. ஒரு டெலிவரிப் பையனைப் பிடித்து இரண்டு நாள் உட்கார வைத்தார்கள். அவன் உள்ளே இருக்கும்போதே ஆறாவது வண்டி எரிந்தது. அடுத்த செஷனை அவனுடைய அக்கா ஸ்டேஷன் வாசலில் நிற்பதிலிருந்து ஆரம்பித்தேன். “வேலை போயிடுச்சு சார், இப்ப நீங்க என்ன சொல்றீங்க?” அவ்வளவுதான் அவள் கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை, ஒருவன் மட்டும் அவன் எழுதிய சீட்டை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

இந்தக் கட்டத்தில் பெங்களூர்ப் பிளேயர்கள் தவறாமல் கேட்கும் ஒன்று, “நார்கோ பண்ணிடலாமா?” மருந்து ஏற்றி அரை மயக்கத்தில் பேச வைக்கும் சோதனை அது. இங்கே அதற்கு லேப் இருந்ததும், செய்தியில் பார்த்துப் பார்த்துப் பழகியதும் காரணம். கதை எந்த வருஷம் நடக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கர்நாடகத்திலிருந்து போன செல்வி வழக்கில் 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம், சம்மதம் இல்லாமல் நார்கோ, பாலிகிராஃப், பிரெயின் மேப்பிங் எதையும் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. சம்மதித்துச் செய்தாலும் அதில் சொன்னது அப்படியே சாட்சியம் ஆகாது. அதன் உதவியால் பிறகு கண்டெடுக்கும் பொருளுக்குத்தான் மதிப்பு. என் கேஸ் 2014இல் நடப்பதால் நான் இந்த ஒரு தேதியைச் சொன்னதோடு பேச்சு முடிந்தது. ப்ரொஃபைலும் அப்படித்தான், கோர்ட்டில் அதை நீட்டி யாரையும் தண்டிக்க முடியாது. கடைசியில் கையில் பிடிக்கிற மாதிரி ஒரு பொருள் வேண்டும். என் கதையில் அது கட்டுப் பிரிக்கும் ஒரு சின்னக் கத்தி.

முடிக்கும்போது சைக்காலஜி கேரக்டர் எழுந்து நின்று பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. செய்யத் தேவையில்லாமல் செய்யும் அந்த இரண்டாவது பழக்கம் ஆளுடைய சாதாரணப் பேச்சில் ஒரு தடவை தானாகவே கசியட்டும். எங்கள் பிளேயர்கள் கடைசியில் நாய்ச் சீட்டுக்கே திரும்பி வந்து, விடியற்காலை நாலு மணிக்கு அந்தத் தெருக்களில் யாரெல்லாம் நடமாடுகிறார்கள் என்று பார்க்கப் போய் நின்றார்கள். பூக்காரி, பால் வண்டி, குப்பை அள்ளுபவர்கள், ஃபுட்பாத்தில் நியூஸ்பேப்பர் கட்டுகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்த 58 வயது ஏஜென்ட். எல்லோரிடமும் இரண்டு கேள்வி கேட்டார்கள், ஒன்றும் தேறவில்லை. பெண் கான்ஸ்டபிளாக ஆடியவள் வண்டியை எடுக்கிறேன் என்றாள். ஹெல்மெட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “கண்ணாடியில மாட்டியிருக்கு” என்றாள், யோசிக்காமல்.

ஏஜென்ட் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “தலையில போட்டுக்கோம்மா. என் பையனும் அங்கதான் மாட்டியிருந்தான்.”